ஹோம் மாற்றிக் கொடுக்கும் சேவை, வட சென்னை: வண்டி பரவாயில்லை, ஒப்படைப்புதான் மோசம்

முதியோர் இல்லம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான இல்லம், மனநலக் காப்பகம் என்று பலகையில் எதை எழுதியிருந்தாலும், ராயபுரத்திலிருந்து மணலி வரை அதற்குப் பேர் ‘ஹோம்’தான். ஒரு ஹோமில் இருப்பவரை இன்னொரு ஹோமுக்கு மாற்றிக் கொடுப்பதும் இப்போது தனிச் சேவையாகவே நடக்கிறது. பழைய ஹோம், புது ஹோம், நடுவில் வண்டிக்காரர், சில இடங்களில் ஆயா அனுப்பும் ஏஜென்சி என்று நாலு பேர் கையில் ஒரு ஆள். அவருக்கு வயது எழுபத்தெட்டு இருக்கலாம், இருபத்தெட்டும் இருக்கலாம். தனக்கு என்ன வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாதவர் என்பது மட்டும் பொது.

இங்கே ஹோம்களின் பெயர் எதுவும் இல்லை. ஒன்றைத் திட்டினால் மற்றதெல்லாம் நல்லது என்று ஆகிவிடும். குறை எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் வருகிறது. முதலில் மார்க்: வண்டிக்கு ஐந்துக்கு மூன்றரை. மருந்து, உடல்நிலை விவரங்களை ஒப்படைப்பதற்கு ஒன்று. பணக் கணக்குக்கு இரண்டு. புகாருக்குப் பதில் சொல்வதற்கு அரை.

எல்லாம் ஒரு போனில் தொடங்கும். “சார், எங்களால இவர பார்த்துக்க முடியல, நாளைக்கே வந்து கூட்டினு போயிடுங்க.” ராத்திரியில் கத்துகிறார், பக்கத்து கட்டில்காரரை அடித்தார், டியூப் போட்டாச்சு, இங்கே நர்ஸ் இல்லை. காரணம் பெரும்பாலும் உண்மையானதாகவே இருக்கும். தப்பு அந்த ‘நாளைக்கே’வில்தான் இருக்கிறது. சேரும்போது போட்ட ஒப்பந்தத்தில் இரு தரப்புக்கும் 30 நாள் முன்னறிவிப்பு என்று இருந்தால், அதே 30 நாள் ஹோமுக்கும் பொருந்தும். நிறைய ஒப்பந்தங்களில் குடும்பம் தர வேண்டிய நோட்டீஸ் மட்டும் எழுதியிருக்கும், ஹோம் தர வேண்டியது பற்றி ஒரு வரி இருக்காது. சேர்க்கிற அன்றே அந்த வரியைப் பேனாவால் எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். போன் வந்ததும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: “காரணத்தை வாட்ஸ்அப்ல எழுதி அனுப்புங்க” என்று கேட்பது. எழுதிக் கேட்டதும் பாதி ஹோம்கள் ‘நாளைக்கே’வை ‘அடுத்த வாரம்’ ஆக்கிவிடுகின்றன.

மனநலச் சிகிச்சைக்காகச் சேர்க்கப்பட்டவர் என்றால் விஷயம் வேறு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 93ன்படி, அவர் சார்பில் இன்னொருவர் விண்ணப்பித்துச் சேர்க்கப்பட்டவரை ஒரு மனநல நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் முன், மாற்றப் போகும் தகவலையும் காரணத்தையும் அவருக்கும் அவர் நியமித்த பிரதிநிதிக்கும் சொல்லியாக வேண்டும். இந்தப் பிரிவைப் பற்றிப் பல வார்டன்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் ‘சொன்னோமே’ என்று வாயால் முடித்துக்கொள்கிறார்கள்.

இனி வண்டி. 108 அவசரத்துக்கு மட்டும். ஹோமிலிருந்து ஹோமுக்கு வராது, வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. தனியார் ஆம்புலன்ஸ்தான் வழி, உட்கார முடிந்தவர் என்றால் வாடகைக் காரே போதும். புக் பண்ணும்போது ‘ஆக்சிஜன் இருக்கா’ என்று கேட்பவர்கள், ‘ஸ்ட்ரெச்சர் பிடிக்க இன்னொரு ஆள் வர்றாரா’ என்று கேட்பதில்லை. பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்துப் பழைய வீடுகளை ஹோமாக மாற்றியிருக்கிறார்கள். மாடிப்படி குறுகல், திருப்பத்தில் ஆறடிக்கு மேல் நீளமான ஸ்ட்ரெச்சர் திரும்பாது. கடைசியில் பெட்ஷீட்டில் போட்டுத் தூக்குவார்கள். எழுபது கிலோ ஆளை இரண்டு பேர் பெட்ஷீட்டில் தூக்கினால் இடுப்பு முதல் படியில் இடிக்கும். எலும்பு தேய்ந்தவருக்கு அதுவே எலும்பு முறிவாகிவிடலாம். படிகளுக்கென்றே பெல்ட் வைத்த மடக்கு நாற்காலி இருக்கிறது. அது உள்ள வண்டியாகக் கேளுங்கள், இல்லையென்றால் நாலு பேர் வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். சந்துக்குள் வண்டி வராது என்றால் எந்த முனையில் நிற்கும், அங்கிருந்து வீல்சேர் யாருடையது என்பதும் முதல் நாளே முடிவாகியிருக்க வேண்டும்.

நேரத்தைப் பற்றி வண்டிக்காரர்கள் சொல்வதைக் கேட்கலாம். அந்த விஷயத்தில் ஹோம்காரர்களைவிட அவர்களுக்குத்தான் விவரம் தெரியும். எண்ணூர் விரைவு சாலையிலும் மணலிப் பக்கமும் கன்டெய்னர் லாரி வரிசை கட்டினால் பத்து நிமிஷ தூரம் ஒரு மணி நேரம் ஆகும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால் உள்ளே படுத்திருப்பவருக்கு வேர்த்துக் கொட்டும். மழை பெய்தால் வியாசர்பாடி பக்கத்துச் சுரங்கப்பாதையை நம்பிக் கிளம்பக் கூடாது. காலை ஒன்பதரைக்கு மேல் கிளம்பி, பதினொன்றரைக்குள் புது ஹோமில் இறக்குவது நல்லது. டாக்டரைப் போனில் பிடிக்க முடியும், மருந்துக்கடை திறந்திருக்கும், மதியச் சாப்பாட்டுக்கு ஆள் செட்டில் ஆகியிருப்பார். சனிக்கிழமை சாயந்தரம் ஆறு மணிக்கு இறக்குவதுதான் இருப்பதிலேயே மோசம். மறதி நோய் உள்ளவர்களுக்குப் பொழுது சாயும் நேரத்தில்தான் பதற்றம் ஏறும். புது இடம், புது முகம், ஞாயிற்றுக்கிழமை டாக்டரும் இல்லை.

டியூபில் ஊட்டம் போகிறவரை, கஞ்சி ஊற்றிய கையோடு ஸ்ட்ரெச்சரில் மல்லாக்கப் படுக்க வைப்பது அடிக்கடி நடக்கிறது. ஊற்றியது மேலே ஏறி நுரையீரலுக்குள் போகும். மூன்றாம் நாள் ‘புது ஹோம்ல போனதும் ஜுரம் வந்துடுச்சு’ என்று புகார் வருவதில் சில இந்த வகை. ஊட்டம் கொடுத்து ஒரு மணி நேரமாவது போன பிறகே கிளம்ப வேண்டும், வண்டியில் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும் வண்டியில் நடக்கும் தப்பு கண்ணுக்குத் தெரிகிற தப்பு. மார்க் குறைந்த இடம் அடுத்தது: இரண்டு கேட்டுகளுக்கு நடுவில் அந்த ஆளைப் பற்றிய விவரம் தொலைந்துபோவது.

பழைய ஹோம் கொடுத்தனுப்புவது வழக்கமாக ஒரு கேரி பேக். அதில் பாதி மாத்திரை அட்டைகள், பெயர் வெட்டுப்பட்டவை. கூடவே ஒரு வெள்ளைத்தாளில் ‘பி.பி., சுகர் மாத்திரை தொடரவும்’. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்று ஒன்றும் இல்லை. புது ஹோமில் அன்றைக்கு டியூட்டி பார்ப்பவர் அட்டையில் தெரிகிற பெயரை வைத்து ஊகிக்கிறார். ஊகம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு மூன்று மருந்தைச் சொன்னால் போதும்.

இன்சுலின். காலை ஊசி பழைய ஹோமில் போட்டாகிவிட்டது, கிளம்புகிற அவசரத்தில் இட்லி பாதியில் நின்றது, வண்டியில் சர்க்கரை இறங்குகிறது. இது ஒரு வகை. புது ஹோமில் தெரியாமல் இன்னொரு முறை போடுவது அடுத்த வகை. மூன்றாவது வகைதான் கொடுமை: நம் ஊரில் இன்சுலின் பாட்டில் 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு அடர்த்தியில் வருகிறது. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 100 யூனிட் பாட்டிலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் ‘இருபது’ என்று இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். பாட்டிலை மட்டும் கொடுத்து சிரிஞ்சைக் கொடுக்காமல் அனுப்புவதால் வருகிற வினை இது. இரண்டையும் ஒரே டப்பாவில், ரப்பர் பேண்ட் போட்டு அனுப்ப வேண்டும். ஐஸ் பேக் வைத்தால் பாட்டிலைத் துணியில் சுற்றி வையுங்கள். உறைந்துபோன இன்சுலின் குப்பைக்குத்தான்.

க்ளோசபின். தீவிர மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கும் மாத்திரை. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலோ ஸ்டான்லியிலோ மாத மாத்திரை வாங்குகிறவர்களில் சிலருக்கு இது இருக்கும். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி கொடுக்கக் கூடாது. 12.5 மில்லிகிராமிலிருந்து டாக்டர் மேற்பார்வையில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். வெள்ளிக்கிழமை மாறி, திங்கட்கிழமை ‘மாத்திரை கிடைச்சுடுச்சு’ என்று முழு அளவையும் போட்டால் ரத்த அழுத்தம் சடாரென விழலாம். ஞாயிற்றுக்கிழமை அரசு மருத்துவமனை ஓ.பி. கிடையாது என்பதை வெள்ளிக்கிழமையே யோசிக்க வேண்டும்.

வலிப்பு மாத்திரை. ஒரு வேளை விட்டாலே சிலருக்குப் பிட்ஸ் வரும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எனவே, ஏழு நாள் மருந்து அட்டையோடு, டாக்டர் கையெழுத்திட்ட மருந்துச் சீட்டு, அன்று காலை கொடுத்தவை நேரத்தோடு ஒரு தாளில். இது இல்லாமல் ஆளை இறக்கிக்கொள்ளாத புது ஹோம்தான் நல்ல ஹோம். ‘நீங்க வாங்க, நாங்க பார்த்துக்கறோம்’ என்று சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வதைப் பார்த்துக் குடும்பத்தார் நெகிழ்ந்துபோகிறார்கள். நெகிழ வேண்டாம், சந்தேகப்பட வேண்டிய இடம் அது. அரசு மருத்துவமனை ஓ.பி. நோட்டும் முக்கியம். மூலை மடிந்து, எண்ணெய்க் கறை படிந்த அந்த நோட்டில்தான் எந்த மருந்தை ஏன் நிறுத்தினார்கள் என்பது இருக்கும். பழைய ஹோமில் பீரோவுக்குள் மறந்துவிட்டு வருவது பெரும்பாலும் இதைத்தான். டியூப், கத்தீட்டர் இருந்தால் என்றைக்குப் போட்டது, என்ன சைஸ், அடுத்து மாற்ற வேண்டிய தேதி என்பதை டியூபிலேயே பிளாஸ்டர் ஒட்டி எழுதலாம். தாள் தொலைந்தாலும் பிளாஸ்டர் தொலையாது.

அப்புறம் படுக்கைப் புண். வருகிற புகார்களில் மிகக் கசப்பானது இதுதான். பழைய ஹோம் ‘இங்கிருந்து போகும்போது முதுகு சுத்தமா இருந்துச்சு’ என்கும், புது ஹோம் ‘வரும்போதே இருந்துச்சு’ என்கும். நடுவில் நிற்கிற குடும்பத்துக்கு எதை நம்புவதென்று தெரியாது. தீர்வு ரொம்ப எளிது. வாசலில் கையெழுத்துப் போடுவதற்கு முன், பழைய ஹோம் ஆள் கிளம்புவதற்குள், கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் சேர்ந்து உடம்பைப் பார்ப்பது. வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால், முழங்கை, பின்தலை, காது மடலின் பின்புறம். சிவப்பு இருந்தால் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும், வெளுத்துத் திரும்பினால் பரவாயில்லை, வெளுக்காமல் அப்படியே நின்றால் புண் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, சூடும் கெட்டிப்பும் கையால்தான் தெரியும். ஸ்கேல் வைத்து, தேதி தெரிய, முகம் இல்லாமல் போட்டோ. அவரிடமோ குடும்பத்திடமோ கேட்டுவிட்டு. பதினைந்து நிமிஷ வேலை. வட சென்னையில் இதை வழக்கமாகச் செய்கிற ஹோம்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

ஆளிடம் எப்படிச் சொல்கிறார்கள் என்பதற்குத் தனியாக மார்க் போடவில்லை, போட்டால் பூஜ்யம்தான். ‘கோயிலுக்குப் போறோம்’, ‘டாக்டரண்ட போய்ட்டு வந்துடலாம்’ என்று வண்டி ஏற்றுவது நடைமுறையாகவே இருக்கிறது. அடுத்த முறை உண்மையாகவே டாக்டரிடம் கூப்பிட்டால் அவர் வண்டியில் ஏற மாட்டார். மூன்று நாள் முன்பே ஒரு முறை கூட்டிப்போய் ஒரு வேளைச் சாப்பாடு அங்கே சாப்பிட வைத்தால், பாதிப் பிரச்சினை தீரும். பேச்சு குறைவானவர்களுக்குப் புது அறை, புது கட்டில், அங்கே பார்த்துக்கொள்கிறவரின் முகம் என்று நாலு போட்டோவை ஒரு அட்டையில் ஒட்டித் தினம் காட்டலாம். பழைய தலையணை, பழைய லுங்கியைத் துவைக்காமல் அனுப்புவது நல்லது, வாசனை பழகியது. இன்னொன்று, காசிமேட்டில் அறுபது வருஷம் மீன் குழம்போடு சோறு சாப்பிட்ட அம்மாவைச் சைவ ஹோமில் சேர்த்துவிட்டு, ‘சாப்பிட மாட்டேங்கறாங்க, டியூப் போட்டுடலாமா’ என்று கேட்பதில் அர்த்தமில்லை. சேர்க்கும் முன் சாப்பாட்டு மெனுவைக் கேளுங்கள்.

அவர் சார்பில் சம்மதம் யார் தருவது என்பதும் இங்கே குழப்பம். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பதினெட்டு வயது ஆனதும் பெற்றோர் தானாகச் சட்டப்படிக் காப்பாளர் ஆகிவிட மாட்டார்கள். தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999ன் கீழ் ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் காப்பாளர் ஆணை வாங்க வேண்டும். அப்பா அம்மா போன பிறகு அண்ணன் ஒரு ஹோமிலும் அக்கா இன்னொரு ஹோமிலும் அட்வான்ஸ் கட்டிவிட்டு வந்து நிற்கும்போது, அந்த ஆணை இல்லாத குறை தெரியும்.

சாமான் கணக்கில் அதிகம் தொலைவது பல்செட், கண்ணாடி, காது மெஷின். விலையுயர்ந்தவை என்பதால் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், தலையணை உறைக்குள்ளும் பாத்ரூம் மாடத்திலும்தான் கிடக்கும். கிளம்பும்போது அவர் வாயில், மூக்கில், காதில் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். காகிதங்களில் ஆதார், யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், ஏ.டி.எம். கார்டு. கார்டின் பின்னால் பின் நம்பர் எழுதி வைத்திருப்பார்கள், மாறிய அன்றே மாற்றிவிடுங்கள். யாரும் கவனிக்காத ஒன்று: மாதம் 2,000 ரூபாய் அரசுப் பராமரிப்பு உதவித்தொகை வருகிற வங்கிக் கணக்கில் பழைய வார்டனின் மொபைல் நம்பர் இணைந்திருக்கும். ஆள் மாறிய பிறகும் ஓ.டி.பி. அங்கேயே போகும்.

பணம். முதல் தேதியே முழு மாதக் கட்டணம் வாங்கிவிட்டு, எட்டாம் தேதி ‘கூட்டிப் போங்க’ என்கிறார்கள். மாதம் 20,000 என்றால் எட்டு நாளுக்கு 5,333. மீதி 14,667ம், அட்வான்ஸும் திரும்ப வர வேண்டும். ‘சுவர் பெயின்ட் அடிக்கணும், மெத்தை மாத்தணும்’ என்று கழிப்பார்கள். பில் கேளுங்கள். டயப்பர் கணக்கிலும் எண்ணிக்கை பாருங்கள். ‘பாக்கியைக் கட்டினால்தான் ஆளை விடுவோம்’ என்று ஒரு ஹோம் சொன்னால் அது வசூல் இல்லை, சட்டவிரோதமாக அடைத்துவைப்பது. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 127. இதை அமைதியாகச் சொன்னாலே கேட் திறந்துவிடும். திறக்காவிட்டால் லோக்கல் ஸ்டேஷன்.

புகாருக்கு வருவோம். ஹோம்களின் வழக்கமான பதில் ‘ஃபவுண்டர் ஊர்ல இல்ல’. எனவே வாய்ப்புகாரோடு நிறுத்தக் கூடாது. ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணி, யார் டியூட்டி, என்ன கொடுக்கவில்லை, அதனால் என்ன ஆனது, என்ன வேண்டும். ‘மனிதாபிமானமே இல்லை’ போன்ற வரிகளைத் தவிருங்கள், அதற்கு மட்டும் பதில் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள். சிகிச்சை அளித்த டாக்டரிடம் மருத்துவப் பதிவு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ம் வருட மருத்துவ நடத்தை விதி. அதை முதல் கடிதத்திலேயே கேளுங்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் எங்கே போவது என்பது ஆளைப் பொறுத்தது. மூத்த குடிமகன் என்றால் மாவட்டச் சமூக நல அலுவலர். உடனடி ஆலோசனைக்கு 14567. மாற்றுத்திறனாளி என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், அதற்கு மேல் மாநில ஆணையர். 2016ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் பிரிவு 51படி அந்த ஹோமுக்குப் பதிவுச் சான்று இருக்கிறதா என்று அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள், பல சமயம் புகாரைவிட இந்தக் கேள்விதான் வேலை செய்கிறது. மனநல நிறுவனம் என்றால் முதலில் பொறுப்பு மருத்துவர், அடுத்து மனநல மறுஆய்வு வாரியம். எந்த வகை ஹோம் என்று புரியாவிட்டால் திங்கட்கிழமை காலை ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் ஆட்சியர் குறைதீர் நாள், மனுவுக்கு நம்பர் வாங்காமல் வெளியே வர வேண்டாம்.

பணம் திரும்ப வாங்க நுகர்வோர் ஆணையம். ஹோமுக்குக் கட்டியது 5 லட்சம் வரை என்றால் புகார் போடக் கட்டணம் இல்லை, பிரச்சினை நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். ஒரு நிபந்தனை: காசு வாங்காமல் நடத்தும் டிரஸ்ட் ஹோம் என்றால் இந்த வழி அடைபடும். ‘டொனேஷன்’ என்று ரசீது போட்டு மாதாமாதம் ஒரே தொகை வாங்குகிற இடங்கள் உண்டு. அந்த ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பன்னிரண்டு மாதமும் ஒரே தேதி, ஒரே தொகை என்று வரிசையாக வைத்துக் காட்டினால் அது கட்டணம்தான் என்று வாதாட இடம் கிடைக்கும்.